அடுத்த பெயர்

துய்வாங்
ஆகஸ்ட் 18, ஞாயிறு மாலை

மாவியின் அப்பாவுக்கு,

கர்த்தர் உங்களை அந்தப் பெரிய ஊரில் பத்திரமாக வைத்திருப்பாராக. இங்கே நானும் மாவியும் அத்தையும் உங்கள் தம்பி லியானும் சுகம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடியவே இல்லை. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. காலையில் என்னைத் திட்டத் தொடங்கினால் பன்றிக்குத் தீனி வைக்கும்வரை ஓய்வதில்லை. போன் டவர் விழுந்து ஏழு மாதமாகிறது. எல்லை தாண்டி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போகிறவர்கள் இந்தத் தாளைப் போனில் படம்பிடித்து உங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். வழியில் யார் யாரோ படிப்பார்கள் என்பதால் கொஞ்சுகிற வரிகளை நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வாலிபர் குழுவை ஏற்றுக்கொண்டதைக் கேட்டு, பாட்டே வராதவள் பாட்டுக்காரர்களுக்குத் தலைவியா என்று சிரித்தீர்களாம். உங்கள் நண்பர் வந்து சொன்னார். சிரியுங்கள். முன்பு நடத்தியவர் எல்லை தாண்டிப் போனதும், போதகர் மேளம் வைக்கிற அறையின் சாவியை என் கையில் திணித்து, ரெண்டு வாரம் பாத்துக்கம்மா என்றார். அது பதினோரு மாதமாகிவிட்டது. இப்போது அவரே சாவியைத் திருப்பிக் கேட்டாலும் நான் தருவதாக இல்லை.

நீங்கள் இருந்தபோது நாற்பது பேர் இருந்த குழு. பாதிப்பேர் இப்போது உங்கள் கோலாலம்பூரில் தட்டுக் கழுவுகிறார்கள், மீதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். நான் வரும்போது ஐந்து பேர் இருந்தார்கள். இன்று பன்னிரண்டு. வருகைப் புத்தகத்தில் முதல் பெயர் சுங் தாங். நான்கு கம்பிகள் மட்டும் மிச்சமுள்ள கிட்டாரை வைத்துக்கொண்டு அவன் வாசிக்கிற வாசிப்பைக் கேட்டால் மற்ற இரண்டு கம்பிகள் எதற்கு என்று தோன்றும். பதினோராவதாக வந்தவள் தின் இயாங். ஜெபத்தின் நடுவில் சிரிப்பு வந்துவிடும் அவளுக்கு, அவள் சிரித்தால் பெஞ்சே குலுங்கும். பன்னிரண்டாவது உங்கள் தம்பி. அண்ணி நடத்துற கூட்டத்துல நான் உக்காந்தா வீட்லயும் திட்டு, சபையிலயும் திட்டா என்று மூன்று மாதம் டிமிக்கி கொடுத்தான். சோறு போடமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தான்.

மார்ச் மாதம் ஒரு பையன் காய்ச்சலில் ஒன்பது நாள் வீட்டில் கிடந்திருக்கிறான். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவேன், வராதவனுக்கும் சேர்த்து இன்னொருவன் குரல் கொடுத்துவிடுவான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து நான் பெயர் கூப்பிடுவதில்லை. முதல் ஆள் எழுந்து "இருக்கேன்" என்று சொல்லி அடுத்த ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து அதற்கடுத்த ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். தனக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. இப்போது நான் வாயே திறக்க வேண்டாம், பன்னிரண்டு பெயரும் மளமளவென்று ஓடிவிடும். கடைசியில் லியான், முடிஞ்சது அண்ணி, பாட்டுக்குப் போகலாம் என்பான்.

போன வாரம் நம் பையன்கள் நான்கு பேர் நோயாளி ஒருவரை நாற்காலியில் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு மைல் தூக்கிக்கொண்டு போனார்கள். சேற்றில் வழுக்கி நான்கு பேரும் உட்கார்ந்துவிட, நாற்காலியில் இருந்தவர் மட்டும் நேராக இருந்தாராம். வலியை மறந்து அவரே சிரித்திருக்கிறார். கணவனை இழந்த பெண்கள் எல்லாருக்கும் மழைக்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்கியாகிவிட்டது. பிறந்தநாள் வந்தால் விடியலில் அந்த வீட்டு ஜன்னலடியில் நின்று பாடுகிறோம். அவர்கள் அவித்த சோளம் தருவார்கள். அதற்காகவே எல்லாருடைய பிறந்த தேதியையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். பாதி அம்மாக்களுக்குத் தேதி தெரியாது. மண்சரிந்த வருஷம், உருளைக்கிழங்கு தோண்டின வாரம் என்பார்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதினேன். இந்த ஊரில் இப்படி ஒரு புத்தகம் இதுதான் முதல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இவர்கள் பாடுவதைக் கேட்கும்போது எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. நீங்கள் இல்லாத வீட்டில் நான் சிரிக்கிறேன் என்றால் அது இவர்களால்தான்.

இனிக் கவலைக்கு வருகிறேன். கீழ் ஊர்களில் துப்பாக்கியோடு வந்து தங்கியிருக்கிற முகாம்காரர்கள் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் படைக்கு எடுக்கிறார்கள். பதினெட்டு நிரம்பியவர்கள், ஆணும் பெண்ணும். ஊருக்கு இரண்டு பேர். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் திரும்பி வருவதில்லை. பட்டியலில் பெயர் ஏறிய பிறகு ஓடினால் அப்பனையோ ஆத்தாளையோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். பெயர் ஏறாதவரை எங்கே போனாலும் கேட்பாரில்லை. நம் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஊர்க் குடும்பப் பதிவெல்லாம் கீழே அலுவலகத்தோடு எரிந்துபோனதால், நம் ஊரில் யாருக்கு என்ன வயது என்று அவர்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. அத்தை அதற்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறார். மூத்த பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்து, உங்களைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, கையில் மிஞ்சியவன் லியான் ஒருவன்தானே. ஜூன் மாதம் அவனுக்குப் பத்தொன்பது முடிந்தது. குழுவில் மற்றவர்களும் பதினெட்டு தாண்டியவர்கள்தான். அக்டோபர் கடைசியில், சோளம் அறுத்ததும், சுமை தூக்குகிறவர்களோடு அவனை எல்லை தாண்டி அனுப்பிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறேன். அதுவரை ஒன்றும் ஆகக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சூய் பார்


துய்வாங்
செப்டம்பர் 29, ஞாயிறு

மாவியின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. கிட்டார் கம்பிகளும் வந்தன. சுங் தாங் அவற்றைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். மாவிக்குப் பல் விழுந்தது. நல்ல சேதி இவ்வளவுதான். இந்தத் தாளை உங்கள் நண்பர் கையில் மட்டும்தான் கொடுக்கிறேன், வழியில் வேறு யாரும் படிக்கக்கூடாது.

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். போன ஞாயிறு முதற்பலன் ஸ்தோத்திர ஆராதனை. ஒவ்வொரு குழுவும் எழுந்து தன் வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். என் முறை வந்ததும் பெருமை தாங்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, பன்னிரண்டு பிள்ளைகள், அவர்கள் பெயர், வயது, பிறந்த தேதி எல்லாம் இதில் இருக்கிறது, ஒருத்தரையும் விடவில்லை என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அத்தைகூடத் தட்டினார். புதன்கிழமைக்குள் அந்தச் சேதி கீழே முகாமுக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்று நான் தேடவில்லை. சொன்னது நான்தானே.

வியாழக்கிழமை ஊர்த் தலைவர் ராங் கியோ வந்தார். நல்ல மனிதர்தான், அவர் மகனும் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு வருஷமாகிறது. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். அக்டோபர் பதின்மூன்று ஆராதனைக்குப் பிறகு முகாம்காரர்கள் வருகிறார்களாம். பட்டியல் இருந்தால் இரண்டு பேரோடு போய்விடுவார்களாம். பட்டியல் இல்லாத கீழ் ஊரில் வழியில் கண்ட பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் புத்தகத்தைத் தரமாட்டேன் என்றேன். அவர் அத்தை இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புத்தகம் வேணாம்மா. ஒரு தாள்ல நீயே எழுதிக் குடு. நீ எழுதுறதுதான் பட்டியல். நான் எண்ணிப் பாக்க மாட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

அவர் போன பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு புத்தகத்தைப் பார்த்து, அதே வரிசையில், சுங் தாங்கில் தொடங்கி எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது அந்தப் பிள்ளையின் அம்மா முகம் வந்தது. பதினோராவது பெயர் எழுதி முடித்ததும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை அடுப்பில் போட்டேன். அட்டை எரிகிற நாற்றத்துக்கு அத்தை இருமிக்கொண்டே வந்து, வீட்டைக் கொளுத்தப் பாக்குறியா என்று திட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன்.

லியானிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான், அவன் உங்கள் தம்பி. சோளம் அறுக்கும் முன்பே எல்லை தாண்டச் சொன்னாலும் ஏன் என்று கேட்பான். அக்டோபர் கடைசிவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

நேற்று மாலைக் கூட்டத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் கேட்பார்களே. சுங் தாங்கின் அம்மா தோட்டத்தில் காய்த்த பூசணிக்காய் ஒன்றை அவன் கையில் எனக்காகக் கொடுத்தனுப்பியிருந்தார். தோளில் சுமந்து வந்து என் காலடியில் வைத்தான். ஆறு கம்பியில் முதல்முறையாக வாசித்தான். எல்லாரும் பாடினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் என்பதைப் பதினோரு பேரில் இரண்டு பேர் என்று மாற்றியிருக்கிறேன். அந்தப் பூசணிக்காயை இன்னும் வெட்டவில்லை.

நீங்கள் இதைப் பற்றி எனக்குப் பதில் எழுத வேண்டாம். செய்தது சரி என்று எழுதினாலும் தப்பு என்று எழுதினாலும் என்னால் படிக்க முடியாது.

உங்கள்
சூய் பார்


துய்வாங்
அக்டோபர் 14, திங்கள் காலை

மாவியின் அப்பாவுக்கு,

இந்தத் தாளைப் போதகரே எடுத்துக்கொண்டு போகிறார். மேட்டில் நின்று அவரே படம்பிடித்து அனுப்பிவிட்டு, தாளை அங்கேயே எரித்துவிடுவார். நாளை மாலைக்குள் உங்களுக்கு வந்துசேரும். அதற்குள் வந்தாக வேண்டும். புதன்கிழமை காலை சீட்டு.

நேற்று ஆராதனை முடிந்ததும் மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாலிபர் குழுவை மட்டும் இருக்கச் சொன்னார்கள். லியானைச் சோளக்காட்டுக்குப் போகச் சொல்லி விடியலிலேயே விரட்டியிருந்தேன். போனவன் ஆராதனைக்கு நடுவில் கைகால் கழுவிக்கொண்டு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். போ என்று கண்ணால் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லாரையும் கூப்பிட்டிருக்கிற இடத்தில் தான் மட்டும் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்திருக்கிறான். நான் முன்பே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்.

முகாமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை. கடைசி பெஞ்சில், நான் உட்காருகிற இடத்தில், உட்கார்ந்து நாங்கள் கொடுத்த அவித்த சோளத்தைச் சாப்பிட்டார்கள். பாட்டு வெளியே வரைக்கும் கேட்டது, நன்றாக இருந்தது என்றார் மூத்தவர். ராங் கியோ என் தாளைப் பிரித்தார். பெயர் கூப்பிட்டால் எழுந்து இருக்கேன் என்று சொல்லுங்கள் என்றார். சுங் தாங் என்று படித்தார்.

சுங் தாங் எழுந்தான். "இருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு, வாரா வாரம் சொல்கிற பழக்கத்தில், அடுத்த பெயரையும் சொல்லிவிட்டான்.

அந்தப் பெயருக்குரிய பெண் எழுந்தாள். இருக்கேன் என்றாள். அடுத்த பெயரைச் சொன்னாள். ராங் கியோவின் வாய் திறந்தபடி நின்றது. முகாம்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகளை நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று மூத்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மேளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம், மேளத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம், மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டு மட்டும் நின்றேன். பயத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை ஒன்றுதான் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது. அதனால் வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார்கள்.

தின் இயாங் எழுந்தாள். "இருக்கேன். பியாக் லியான்" என்றாள். தாளில் தன் பெயரோடு பட்டியல் முடிந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

ராங் கியோ சட்டென்று, அது பழைய ஆள், இப்போது குழுவில் இல்லை என்றார். மனிதர் தன்னால் ஆனதைச் செய்தார். மூத்தவர் எழுந்து வந்து தாளை வாங்கி, பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. இதை எழுதியது யார் என்று கேட்டார். தின் இயாங் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாரையும் நிற்க வைத்து ஒவ்வொரு வீடாகக் கிளறப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் உங்கள் தம்பி எழுந்துவிட்டான்.

"இருக்கேங்க. நான்தான் பன்னெண்டாவது. வீட்டாளுன்னு அண்ணி எழுத மறந்துட்டாங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. சந்தையில் மிளகாய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான். மூத்தவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதிடுங்கம்மா. கையெழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும்."

எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். பேனாவில் மை நிறைய இருந்தது.

அவர்கள் போய்விட்டார்கள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் பெயர்களை எழுதிக் கொடுத்து என் வீட்டுப் பிள்ளையை ஒளித்தவள் நான். காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். தின் இயாங் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். லியான் அவள் பின்னாலேயே தண்ணீர் கொண்டுபோனான். "நீ என் பேர விட்டிருந்தா அண்ணி ஒன்னத் திட்டியிருப்பாங்க, போ" என்று அவளைச் சீண்டிச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிற பெண். சுங் தாங் என் பக்கத்தில் வந்து நின்றான். "எங்கம்மாவா இருந்தாலும் இதத்தாங்க்கா செஞ்சிருப்பாங்க" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவர்களே உட்கார்ந்து பேசி ஒரு முடிவு செய்தார்கள். தின் இயாங் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததை வெளியே ஒருவரும் சொல்வதில்லை. முக்கியமாக அத்தைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தப் பெண் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ராங் கியோவும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே கேட்டார், அவன் பெயரை எழுதியது யார் என்று. நான்தான் எழுதினேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. ஏன் எழுதினாய் என்று கேட்டார். மற்ற பிள்ளைகளையெல்லாம் எழுதினேன், அதனால் எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. என் கையால் சாப்பிடவும் இல்லை. மாவி ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறார். இன்று காலை திட்டு இல்லை. வீடு பயமாக இருக்கிறது.

எப்போதாவது அவர் குரலைப் போனில் கேட்க நேர்ந்தால், நீங்களும் அதையே சொல்லுங்கள். சூய் பார்தான் எழுதினாள் என்று சொல்லுங்கள். உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். லியானை ஓடிப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். ஓடினால் அம்மாவை அல்லவா பிடிப்பார்கள், என்ன பேசுகிறீர்கள் அண்ணி என்று கேட்டுவிட்டு, இன்று காலை சோளம் அறுக்கப் போயிருக்கிறான். பாடிக்கொண்டேதான் போனான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புதன்கிழமை விடியலில், வேலைக்குப் போகும் முன்பு, முழங்காலில் நின்று உங்கள் தம்பிக்காக ஜெபியுங்கள். அவனுக்காக மட்டும் ஜெபியுங்கள், வேறு யாரையும் சேர்க்க வேண்டாம். அண்ணனுக்கு அந்த உரிமை உண்டு, கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னால் அப்படி ஜெபிக்க முடியவில்லை. நேற்று முயன்று பார்த்தேன். லியானின் சீட்டு வரக்கூடாது என்று தொடங்கினால், அப்படியானால் யாருடையது என்று அந்த வரிசை முழுக்க என் முன்னால் எழுந்து நிற்கிறது. நான் பன்னிரண்டு பேருக்காகவும்தான் ஜெபிக்க வேண்டும். இன்னொரு முறை ஒருவரை விட்டுவிட என்னால் ஆகாது. ஆகவே அவனை உங்களிடம் ஒப்படைக்கிறேன். தூங்கிவிடாதீர்கள்.

இந்தப் பன்னிரண்டு பேரையும் அவர்களைப் பெற்றவர்களையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் மூடிக்கொள்வாராக.

உங்கள்
சூய் பார்